எதை வைத்து வெட்டுகிறது? ஆக்கியாக் கலப்பிரிவு பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் உயர்தர மாணவர்களுக்குத் தமிழ்மொழி மூலம் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். உயிர் உலகின் மூன்று பேரிராச்சியங்கள் (கருவில்லாத நுண்ணங்கிகளான பற்றீரியா, ஆக்கியா, கரு உள்ள கலங்களைக் கொண்ட யூக்கரியோட்டா) பற்றிய பாடம் வரும்போது பலகையில் "ஆக்கியா: இருகூற்றுப் பிளவு" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் என் வழக்கம். ஒரு நாள் பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி கை உயர்த்தி, "பிரியுது சரி மிஸ், எதை வைத்து வெட்டுது?" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்துக் கடற்கரைப் பாதையில் ரயில் போனது. சத்தம் அடங்கும்வரை யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. "அடுத்த வகுப்பில் சொல்கிறேன்" என்றேன். அடுத்த வகுப்பிலும் பாதிதான் சொல்ல முடிந்தது. அதன் பிறகு தேடிப் படித்ததும், பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பதும்தான் கீழே இருக்கின்றன.

ஆக்கியா என்பது பற்றீரியாவில் ஒரு வகைதானே?

இல்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இரண்டும் சிறியவை, இரண்டுக்கும் கரு கிடையாது. அதனால்தான் நெடுங்காலம் ஒரே கூடைக்குள் கிடந்தன. 1977இல் கார்ல் வோஸ், ஜோர்ஜ் பொக்ஸ் ஆகிய இருவரும் கலத்தில் புரதம் கட்டும் இறைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மெதேன் உண்டாக்கும் நுண்ணங்கிகள் பற்றீரியாவோடு சேராமல் தனியே நின்றன. 1990இல் வோஸும் வேறு இருவரும் உயிர் உலகை மூன்று பேரிராச்சியங்களாகப் பிரித்தார்கள். நாங்கள் இன்று படிப்பது அதைத்தான். சிலர் "ஆர்க்கியா" என்று எழுதுவார்கள், அதுவும் இதுவும் ஒன்றுதான்.

கொழும்பில் எங்காவது இருக்கின்றனவா, அல்லது எரிமலைப் பக்கம் மட்டுமா?

உங்கள் வயிற்றிலேயே இருக்கக்கூடும். மனிதக் குடலில் வாழும் மெதனோபிரெவிபக்டர் ஸ்மிதி மெதேன் உண்டாக்கும் ஆக்கியாதான். பேர வாவி போன்ற தேங்கிய நீரின் அடிச்சேற்றில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் மெதேன் உருவாகிறது என்றால் அதுவும் இவற்றின் வேலை. வாவிப் பக்கம் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தை மட்டும் மெதேன் தலையில் போட வேண்டாம், அதற்கு மணம் இல்லை. அழுகிய முட்டை போல மணப்பது ஐதரசன் சல்பைட்டு.

இன்னும் நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற இடம் கருவாடு. ஒருமுறை அம்மா புறக்கோட்டையில் வாங்கிவந்த கட்டாக் கருவாட்டைப் பொதி பிரித்தபோது, செதிலுக்கு ஓரமாக றோஸ் நிறத்தில் ஈரப்பசையான ஒரு படை இருந்தது. யாரோ சாயம் பூசியது போல. உப்பிட்ட மீனில் வரும் அந்தச் சிவப்பு உப்பை விரும்பும் ஆக்கியாவால் வருவது. அவற்றின் மென்சவ்வில் சிவப்பு நிறப்பொருள் உண்டு. கறி வைக்காமல் எறிந்துவிட்டோம், அப்படி நிறம் மாறியது பழுதாகிப்போன மீன். உப்பளங்களில் கடைசிப் பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவதிலும் இந்தக் கூட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

"இருகூற்றுப் பிளவு" என்று எழுதினால் போதாதா?

புள்ளிக்குப் போதும். ஒரு கலம் வளர்ந்து, டி.என்.ஏ.யை இரட்டித்து, நடுவில் ஒடுங்கி இரண்டாகிறது. இழையுருப்பிரிவு இல்லை, ஒடுக்கற்பிரிவும் இல்லை. சிலவற்றில் அரும்புதலும் துண்டாதலும் உண்டு. பரீட்சையில் இதை எழுதுங்கள், மற்றதை எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆனால் "பற்றீரியாவைப் போலவே" என்ற சொல்லைச் சேர்க்கும்போதுதான் எனக்கு இப்போது கை கூசுகிறது. வெளியே இருந்து பார்த்தால் ஒரே மாதிரி. உள்ளே வெட்டும் கருவியைப் பார்த்தால், ஒரு பகுதி ஆக்கியா பற்றீரியாவின் கருவியை வைத்திருக்கிறது, இன்னொரு பகுதி எங்கள் உடற்கலங்களில் இருக்கும் கருவியை வைத்திருக்கிறது. "போலவே" என்று எழுதினால் இது மறைந்துபோகிறது.

சரி, எதை வைத்துத்தான் வெட்டுகிறது?

வளையத்தை வைத்து. சாப்பாட்டுக் கடையில் சாம்பாரைச் சின்னப் பையில் ஊற்றி, கழுத்தில் இறப்பர் பட்டி போட்டு இறுக்கித் தருவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் என்னவென்றால், கலத்தில் பட்டி உட்பக்கம் இருக்கிறது. மென்சவ்வின் உள்முகத்தில், கலத்தின் இடுப்பைச் சுற்றிப் புரத இழைகள் வளையமாக அடுக்கப்படுகின்றன. வளையம் சிறுக்கச் சிறுக்க மென்சவ்வும் கூடவே உள்ளே வருகிறது. முடிவில் இரண்டு பக்கமும் தனித்தனியே மூடிக்கொள்கின்றன.

அந்த வளையம் எந்தப் புரதத்தால் ஆனது என்பதில்தான் ஆக்கியா இரண்டு கட்சியாகப் பிரிகிறது.

முதல் கட்சி எது?

எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதத்தை நம்பும் கட்சி. உப்பு விரும்பிகளும் மெதேன் உண்டாக்குபவற்றில் பெரும்பாலானவையும் இதில் சேரும். பற்றீரியாவின் பிரிவு வளையமும் இதே புரதத்தால் ஆனது, ஈ.கோலி என்ற குடல் பற்றீரியாவில் அதை 1991இல் கண்டார்கள். எங்கள் கலங்களில் நுண்புன்குழாய்களைக் கட்டும் தியூபுலினுக்கு இது தூரத்துச் சொந்தம்.

இந்தக் கட்சியில் அதிகம் ஆராயப்பட்டது ஹலோஃபெராக்ஸ் வொல்கானி. சாக்கடல் சேற்றிலிருந்து எடுக்கப்பட்டு 1975இல் விவரிக்கப்பட்டது. சாக்கடலில் உயிர் உண்டு என்று 1930களிலேயே காட்டிய பெஞ்சமின் வொல்கானியின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஈ.கோலி ஒரு எஃப்டிஎஸ்-இசட்டோடு காரியத்தை முடிக்க, இது இரண்டு வைத்திருக்கிறது. 2021இல் வெளியான ஆய்வு அவற்றின் வேலைப் பங்கீட்டைக் காட்டியது. முதலாவது முன்னதாகவே நடுவில் போய் உட்கார்ந்து மற்றவற்றுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. இரண்டாவது வந்து ஒடுக்கும் வேலையைச் செய்கிறது. அந்த இரண்டாவது வழுக்கிப் போகாமல் மென்சவ்வோடு பிணைத்து வைப்பது செப்-எஃப் என்ற மூன்றாவது புரதம்.

இரண்டு எஃப்டிஎஸ்-இசட்டையும் நீக்கினால் ஹலோஃபெராக்ஸ் செத்துவிடும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். ஈ.கோலி அப்படித்தான். ஆனால் இது சாகவில்லை. பிரிய முடியாமல் ஊதிப் பெருத்து, உருக்குலைந்த பெரிய கலங்களாக மாறி, அங்கங்கே பிய்ந்து எப்படியோ பெருகிக்கொண்டு போகிறது. பற்றீரியாவுக்கு இருப்பது போன்ற பெப்ரிடோகிளைக்கன் சுவர் இல்லாமல், புரதப் போர்வை ஒன்றை மட்டும் போர்த்திக்கொண்டிருப்பதன் சௌகரியம் போலும்.

இரண்டாவது கட்சி?

எனக்கு மிகவும் பிடித்தது இது. சல்போலோபஸ் அசிடோகால்டேரியஸ் என்று ஒரு ஆக்கியா. தோமஸ் புரொக் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் கண்டு 1972இல் விவரித்தது. ஏறத்தாழ 75 பாகை செல்சியஸ் சூடு, தேசிக்காய்ச் சாறு அளவு புளிப்பு, அதுதான் அதற்கு வீடு. எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளிக் குளிக்கலாம். அங்கே விரலை வைத்தால் தோல் உரிந்துவிடும்.

இதன் மரபணுத் தொகுதியை வாசித்தவர்கள் எஃப்டிஎஸ்-இசட்டைத் தேடினார்கள், இல்லை. அப்படியென்றால் எதை வைத்து வெட்டுகிறது? என் மாணவி கேட்ட அதே கேள்விதான். 2008இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே விடை கண்டன. சிடிவி என்று பெயரிடப்பட்ட புரதக் கூட்டம். சிடிவி-ஏ முதலில் நடுவில் போய் இடத்தைக் குறிக்கிறது. சிடிவி-பி அதன்மேல் வளையமாக அமர்கிறது. சிடிவி-சி என்பது கலத்தின் சக்தி நாணயமான ஏ.டி.பி.யை (ATP) செலவழித்து, பின்னிய இழைகளைப் பிரித்தெடுக்கும் இயந்திரம்.

வளையம் எப்படிச் சுருங்குகிறது என்பது 2020இல்தான் தெளிவானது. வளையத்தில் ஒரு வகை இழை இல்லை. சிடிவி-பியோடு கூடவே பி-1, பி-2 என்ற இரண்டு தம்பிமாரும் வந்து அமர்கிறார்கள். தம்பிமாருக்குச் சுருங்கும் குணம் உண்டு. ஆனால் மூத்தவர் விறைப்பானவர், அவர் இருக்கும்வரை வளையம் அதே அளவில் நிற்கும். டி.என்.ஏ. வேலை முடிந்து நேரம் வந்ததும், கலத்தின் குப்பை அரைக்கும் இயந்திரமான புரொட்டியசோம் மூத்தவரை மட்டும் பிடித்து அரைத்துவிடுகிறது. தடை போனதும் மற்ற இரண்டும் சுருங்குகின்றன, கலம் இரண்டாகிறது.

இதை நிரூபித்த விதமும் அழகானது. போர்டெசொமிப் என்று புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்து உண்டு, அது புரொட்டியசோமை முடக்கும். அதை ஊற்றினார்கள். கலங்கள் எல்லாம் இடுப்பில் வளையத்தோடு, சுருங்காமல், அப்படியே நின்றுவிட்டன. மருந்தைக் கழுவி எடுத்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரியத் தொடங்கின. பரிசோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன்.

75 பாகையில் கொதிக்கும் அமிலத்துக்குள் உயிரோடு எப்படிப் பார்த்தார்கள்?

நல்ல கேள்வி. அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால் கலம் வேலை நிறுத்தம் செய்துவிடும். அதனால் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைக்கும் சிறு அறையையே 75 பாகைக்குச் சூடாக்கி வைத்தார்கள். ஆவியாகாமல் பார்க்க வேண்டும், வில்லையும் பழுதாகக் கூடாது. "சல்போஸ்கோப்" என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் உடம்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்றீர்களே?

உண்டு. சிடிவி-பி வகைப் புரதங்கள் எங்கள் கலங்களில் எஸ்கார்ட்-3 என்று அழைக்கப்படும் புரதங்களின் சொந்தக்காரர்கள். உங்கள் தோற்கலம் ஒன்று பிரியும்போது, அற்றினும் மயோசினும் சேர்ந்த வளையம் நடுவை இறுக்கும். அதை நாங்கள் படிக்கிறோம். ஆனால் அது கடைசிவரை போகாது. இரண்டு மகட்கலங்களுக்கும் நடுவில் மெல்லிய பாலம் ஒன்று மிஞ்சும். அந்தப் பாலத்தை அறுப்பது எஸ்கார்ட்-3. இது 2007இல் தெரியவந்தது.

எச்.ஐ.வி. வைரசும் இதே கருவியைத்தான் திருடிப் பயன்படுத்துகிறது. கலத்திலிருந்து மொட்டுப்போல வெளியே தள்ளிக்கொண்டு வந்த வைரசு, தன் காம்பை அறுத்துக்கொள்ள எங்கள் எஸ்கார்ட்டைக் கூப்பிடுகிறது. ஒரு கத்தி, எத்தனை கை!

அப்படியென்றால் ஆக்கியாதான் எங்கள் மூதாதையா?

யூக்கரியோட்டாக் கலம் ஆக்கியாக் கூட்டத்தில் ஒரு கிளையிலிருந்து வந்தது, பிறகு ஒரு பற்றீரியாவை உள்ளே வாங்கி இழைமணி ஆக்கிக்கொண்டது என்பதே இன்று பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. அந்தக் கிளைக்கு அஸ்காட் ஆக்கியா என்று பெயர். நோர்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள கடலடியில், லோக்கியின் கோட்டை என்ற வெந்நீர்த் துவாரத்துக்குக் கிட்ட எடுத்த சேற்றின் டி.என்.ஏ.யில் 2015இல் முதலில் இதன் தடயம் கிடைத்தது. இவற்றிடம் எஃப்டிஎஸ்-இசட்டும் உண்டு, எஸ்கார்ட் புரதங்களும் உண்டு. இரண்டு கட்சி அட்டையும் சட்டைப்பையில்!

ஜப்பானியர் ஒன்றை ஆய்வுகூடத்தில் வளர்த்தே காட்டினார்கள். கடலுக்கடியில் 2,533 மீற்றர் ஆழத்துச் சேறு, 12 ஆண்டு உழைப்பு. 2020இல் வெளியானது.

ஒருமுறை பிரிய எவ்வளவு நேரம்?

அது ஆளைப் பொறுத்தது. ஈ.கோலி நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஹலோஃபெராக்ஸுக்கு வசதியான சூட்டில் ஏறத்தாழ 2 முதல் 3 மணி. மேலே சொன்ன ஜப்பானிய அஸ்காட்டுக்கு 14 முதல் 25 நாள். 12 ஆண்டு ஏன் எடுத்தது என்று இப்போது விளங்கும்.

டி.என்.ஏ. சரியாகப் பங்கிடப்படுகிறது என்று எப்படி உறுதிசெய்கிறது?

இதிலும் இரண்டு குணம். சல்போலோபஸ் கணக்குப் பிள்ளை மாதிரி. ஒரு நிறமூர்த்தம், அதில் மூன்று இடங்களில் இரட்டிப்பைத் தொடங்குகிறது (பற்றீரியாவில் வழக்கமாக ஓரிடம்தான்), இரண்டு பிரதி ஆனதும் நீண்ட நேரம் அப்படியே காத்திருந்து, கடைசியில் விறுவிறுவென்று பிரித்து வெட்டுகிறது. வாழ்நாளில் பாதிக்கு மேல் அந்தக் காத்திருப்பில்தான் போகிறது.

ஹலோஃபெராக்ஸ் வேறு. ஒரு கலத்துக்குள் ஏறத்தாழ 20 பிரதிகள் வைத்திருக்கும். சோற்றுப் பானையில் அள்ளிப் போடுவது போல, இந்தப் பக்கம் ஒன்று கூடினாலும் அந்தப் பக்கம் ஒன்று குறைந்தாலும் யாரும் பட்டினி இல்லை.

மென்சவ்வு ஒற்றை அடுக்கு என்று படித்தோம். அதை வெட்டுவது கஷ்டமாக இருக்காதா?

எங்கள் மென்சவ்வு இரண்டு பாயை ஒன்றின்மேல் ஒன்று விரித்தது போல. சல்போலோபஸில் பெரும்பாலான கொழுப்பு மூலக்கூறுகள் ஒரு முகத்திலிருந்து மறு முகம்வரை ஊடுருவிப் போகின்றன, இரண்டு பாயையும் குத்தித் தைத்தது போல. எசுத்தர் பிணைப்புக்குப் பதில் எதர் பிணைப்பு வேறு. சூட்டுக்கும் அமிலத்துக்கும் தாங்கும். வெட்டும்போதுதான் சிக்கல், ஏனென்றால் இரண்டு பாய் என்றால் ஒவ்வொன்றாக நழுவிச் சேரலாம், தைத்த பாய் நழுவாது. இவ்வளவு விறைப்பானதையும் அந்தப் புரத வளையம் கடைசிவரை இறுக்கி மூடிவிடுகிறது.

சதுரமான கலம் உண்டாமே, அது எப்படிப் பிரியும்?

ஹலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியை. 1980இல் அந்தனி வால்ஸ்பி சினாய் பக்கத்து உப்புக் குட்டையில் கண்டவர். கடதாசி போல மெல்லிய, மூலை கூரான சதுரம். ஒருமுறை குறுக்கே, அடுத்தமுறை அதற்குச் செங்குத்தாக என்று பிரியும். உடனே விலகாவிட்டால், தபாற்கந்தோரில் கிழிக்காமல் தரும் முத்திரைத் தாள் போலவே இருக்கும். 2004இல்தான் இதை வளர்க்க முடிந்தது.

இரண்டு வளையமும் இல்லாத ஆக்கியா உண்டா?

உண்டு. தேர்மோபுரோட்டியஸ், பைரோபக்குலம் இருக்கும் கூட்டத்தில் எஃப்டிஎஸ்-இசட்டும் இல்லை, சிடிவியும் இல்லை. ஆனாலும் அவை பெருகுகின்றன. எப்படி என்பது திறந்த கேள்வி, இதைப் படிக்கும் யாராவது போய் விடை கண்டுபிடிக்கலாம். இன்னொரு பக்கம், சியாட்டில் நகரத்துக் கடல் மீன்தொட்டியிலிருந்து பிரித்து 2005இல் அறிவிக்கப்பட்ட நைற்றோசோபுமிலஸிடம் இரண்டும் இருந்தும், பிரிவதற்குச் சிடிவியைத்தான் எடுக்கிறது.

டீச்சர், இதால் பிள்ளைகளுக்கு வருத்தம் ஏதும் வருமா? (ஒரு அம்மா கேட்டது)

இதுவரை எந்த ஆக்கியாவும் மனிதரில் நோய் உண்டாக்கும் கிருமி என்று நிரூபிக்கப்படவில்லை, அம்மா. பெனிசிலின் இவற்றை ஒன்றும் செய்யாது என்பதும் உண்மை. அது பெப்ரிடோகிளைக்கன் சுவர் கட்டுவதைத் தடுக்கிற மருந்து, இவற்றிடம் அந்தச் சுவரே இல்லை. குடலில் இருப்பவற்றின் சுவர் பார்ப்பதற்கு அதைப் போல இருந்தாலும் வேறு சரக்கு.

பாடசாலை நுணுக்குக்காட்டியில் பிரிவதைப் பார்க்கலாமா?

வளையத்தைப் பார்க்க முடியாது. அதற்கு ஒளிரும் புரதம் சேர்க்க வேண்டும், நல்ல கருவியும் வேண்டும். 400 மடங்கில் உப்பு விரும்பிகள் சின்னப் புள்ளிகளாகவும் கோல்களாகவும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் ஒடுங்கிய ஒன்று கண்ணில் படலாம்.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது புத்தளம் உப்பளத்திலிருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் ஒரு போத்தல் கிடைத்தது. ஒரு துளியை வழுக்கியில் வைத்தேன். கொஞ்சம் தடிப்பாக இருக்கிறதே என்று, வெங்காயத் தோலுக்குச் செய்யும் பழக்கத்தில், காய்ச்சி வடித்த நீர் ஒரு துளி விட்டு மூடித்துணுக்கு வைத்தேன். முதலில் பார்த்தபோது கோல்கள் இருந்தன. அடுத்த கணம் அவை உருண்டன. பிறகு ஒவ்வொன்றாக மறைந்தன, கண்ணுக்கு முன்னால், ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக. உப்பு குறைந்தால் அவற்றின் புரதப் போர்வை நிலைக்காது, நீர் உள்ளே பாய்ந்து கலம் வெடித்துவிடும் என்று தெரிந்தே படித்திருந்தேன். கை அதை மறந்துவிட்டது.

ஆகவே நீங்கள் செய்வதென்றால், ஐதாக்குவதற்கு அதே உப்பளத் தண்ணீரை வடிதாளில் வடித்து எடுத்துக்கொள்ளுங்கள். மூடித்துணுக்கின் ஓரத்தில் வசிலின் தடவுங்கள், இல்லாவிட்டால் கொழும்பு வெக்கைக்குப் பத்து நிமிடத்தில் தண்ணீர் வற்றி உப்புப் பளிங்குதான் மிஞ்சும்.